மூன்று பாத்திக் கத்தரியும் ஒரு கருத்து வரைபடமும்

கத்தரித் தோட்டத்தை விஞ்ஞான முறைப்படி ஒழித்துக்கட்டுவதென்று முடிவெடுத்தேன்.

எங்கள் வளவில் மூன்று பாத்திக் கத்தரி நிற்கிறது. என் மனைவி மகாதேவி நட்டது. பின்னேரமானால் மோட்டரைப் போட்டு, மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி வாய்க்காலை வெட்டித் தண்ணீர் மாறுவது என் வேலை. அதே நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஏரம்பு அண்ணையிடம் 304 சீட்டாட்டம் தொடங்கும். சீட்டுக் கலைக்கிற சத்தம் வேலிக்கு இங்கால் கேட்கும். நான் கத்தரிக்குக் காவல் நிற்பேன். இந்த வேதனை எதிரிக்கும் வரக்கூடாது.

"தோட்டம் வேண்டாம்" என்று அவளிடம் நேரே சொல்லலாம். நான் அவ்வளவு வீரன் இல்லை. ஆனால் படித்தவன். பதவி உயர்வுக்காக, ஆசிரியனான நானே வீட்டு மேசையில் இருந்தபடி தொலைக்கல்வியில் சுற்றாடல் கல்வி டிப்ளோமா படிக்கிறேன். இந்த மாத ஒப்படை, வீட்டு நீர்ப் பாவனையைக் கணினியில் கருத்து வரைபடமாக வரைவது. பெட்டிக்குள் விஷயம், பெட்டிக்குப் பெட்டி அம்பு, ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு வினைச்சொல்.

வரைந்தேன். கத்தரியிலிருந்து மோட்டருக்கு ஓர் அம்பு: 'ஓடவைக்கிறது'. மோட்டரிலிருந்து மின்சாரத்துக்கு: 'விழுங்குகிறது'. கிணற்றுக்கு: 'உவராக்குகிறது'. கடைசியில் சிவப்புப் பெட்டிக்குள் 'குடிநீர்ப் பஞ்சம்'. குடாநாட்டையே அழிக்கும் குற்றவாளியாக மூன்று பாத்திக் கத்தரி நின்றது. எனக்கே பார்க்கப் பயமாயிருந்தது.

வீட்டில் ஒருவர் பார்த்து, விடுபட்டதைச் சேர்க்கவேண்டும் என்பது ஒப்படையின் நிபந்தனை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? மடிக்கணினியை மகாதேவியிடம் நீட்டினேன்.

"இஞ்சேர், இதைப் பாரும். நான் சொல்லேல்லை, விஞ்ஞானம் சொல்லுது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஓம், மோட்டர்தான் கூடாது போலை."

"பாத்தீரே."

"உங்கடை சவர் எங்கை?"

"எந்தச் சவர்?"

"போன வருசம் குளியலறையிலை பூட்டினது. பாட்டுப் பாடிக்கொண்டு திறந்துவிடுறியள். அந்தத் தண்ணி எங்கை போகுது?"

"குழிக்குள்ளை."

"முந்திக் கிணத்தடியிலை குளிக்கேக்கை?"

கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்காலால் தோட்டத்துக்குப் போகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும்.

"உந்த அம்பை எப்பிடிப் போடுறது?" என்றாள்.

ஆசிரியப் புத்தி. கேட்டதும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

மோட்டர்ப் பெட்டி அழிந்தது. அந்த இடத்தில் 'வாளி' வந்தது. நடுவே இன்னொரு பெட்டி: 'அவர்'. அவரிலிருந்து வாளிக்கு 'அள்ளுகிறார்'. வாளியிலிருந்து அவருக்கு 'குளிப்பாட்டுகிறது'. அவரிலிருந்து கத்தரிக்கு 'வழிகிறது'.

யோசித்துப் பார்த்தேன். குளியல்தானே, நாலு வாளியோடு முடிந்துவிடும். மண்வெட்டியும் இல்லை, தண்ணீர் மாறுவதும் இல்லை. குளித்த கையோடு சீட்டுக்குப் போய்விடலாம். வென்றது நான்தான் என்று உள்ளுக்குள் சிரித்தபடி அனுப்பிவைத்தேன்.

சூம் வகுப்பில் விரிவுரையாளர் அதை எல்லோருக்கும் காட்டினார்.

"அருமையான வரைபடம். ஒரு மாதம் செய்துபார்த்து வீடியோ அனுப்புங்கோ, மாஸ்டர்."

நான் வாயெடுக்கமுன் முதுகுக்குப் பின்னாலிருந்து மகாதேவியின் குரல் வந்தது. "நான் எடுத்து அனுப்புறன், மிஸ்."

முதல் நாள் பின்னேரம் கிணற்றடியில் அள்ளி அள்ளி ஊற்றினேன். கை உளைந்தது. பல் கிடுகிடுத்தது. வேலிக்கு அங்கால் ஏரம்பு அண்ணையின் குரல் கேட்டது.

"மாஸ்டர், வாறியளோ? ஒரு கை குறையுது."

"வாறன் அண்ணை. குளிச்சு முடிஞ்சுது."

துவாயை எடுத்தேன். மகாதேவி கைத்தொலைபேசியைப் பிடித்தபடி தோட்டத்தின் எல்லைவரை நடந்து, குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"துவாயை வையுங்கோ. ரெண்டாம் பாத்திக்கே இன்னும் தண்ணி போகேல்லை. இன்னொருக்காக் குளியுங்கோ."