நாற்பது நொடி பேஸ்

இந்த வருடம் அறுப்பின் பண்டிகை இசைமாலையில் நான் தனியாக வாசித்தே தீருவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு மனைவியிடம் அனுமதி கேட்டேன். எங்கள் வீட்டில் வரிசை அதுதான்.

என் பெயர் சத்தியநாதன். சேலையூரில் வீடு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போல்ட்டும் நட்டும் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நாலே நாலு தடித்த தந்தி, ஒயர் செருகாவிட்டால் முனகக்கூட முனகாது. அது ஒலிக்கும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள். நின்றுவிட்டால் மட்டும், "என்னமோ குறையுதே" என்பார்கள். வீட்டிலும் என் அந்தஸ்து ஏறக்குறைய அதுவேதான்.

பதினெட்டு வருடம் இப்படி ஓடிவிட்டது. கீபோர்டுக்குக் கைதட்டல் உண்டு. டிரம்ஸுக்கு உண்டு. போன பண்டிகையில் ஆயர், குழுவினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டிக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். "நீங்கதானே ஒயரெல்லாம் பார்த்துக்கிறவர்?" என்றார்.

அன்றைக்கே எனக்குள் ஒரு வேகம் பிறந்தது. சாதாரண வேகமில்லை. நாற்பது நொடியில் இருநூற்றுப் பன்னிரண்டு சுரம்.

குழுவை நடத்துவது என் மனைவி கிறிஸ்டினா. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் டீச்சர் மட்டும் ரிட்டையர் ஆவதில்லை. அவள் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். கட்டைவிரலால் தந்தியை அறைந்தேன், ஆள்காட்டி விரலால் சுண்டினேன், இரண்டு கையாலும் கழுத்துப் பலகையில் தட்டினேன். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஷெல்ஃபில் இருந்த டம்ளர் ஒன்று தானாக நகர்ந்தது.

"எப்படி?"

"டம்ளருக்குப் பிடிச்சிருக்கு," என்றாள்.

"உனக்கு?"

"பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். முடிஞ்சிடுச்சுன்னு சொல்றீங்க."

"இதுதான் கிறிஸ்டி பாட்டு. இந்த வேகத்துல வாசிக்க தாம்பரத்துலயிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஆள் கிடையாது."

"இருக்கலாம். ஆனா தந்தி வாத்தியம்னா தந்தி மாதிரியே வாசிக்கணுமாங்க? படபடன்னு நாலு வார்த்தை, அவ்ளோதான். எனக்கு லெட்டர் வேணும். உட்கார்ந்து படிக்கிற மாதிரி."

"லெட்டருக்கு யாரும் கைதட்ட மாட்டாங்க."

"மடிச்சு வெச்சுக்குவாங்க," என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போனாள்.

பெண்களோடு வாதாடக்கூடாது, திட்டம்தான் போடவேண்டும். ஒத்திகையில் அவள் கேட்டபடி பல்லவியின் மெட்டை மெதுவாக, நல்ல பிள்ளையாக வாசிப்பது. பண்டிகை அன்றைக்கு மேடையில் இருநூற்றுப் பன்னிரண்டையும் அவிழ்த்துவிடுவது. சபை பார்க்க என் கையைப் பிடித்தா நிறுத்தப்போகிறாள்?

ஆறு வாரம் ரகசியப் பயிற்சி. காலை மின்சார ரயிலில் சாப்பாட்டுப் பையின் பட்டையைத் தந்தியாக்கிக்கொண்டு விரலை ஓட்டினேன். எதிரே இருந்த பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் கை உதற ஆரம்பிச்சது சார், சீக்கிரம் காட்டிடுங்க," என்றார். கிறிஸ்டினா குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகும் சனிக்கிழமைகளில் உள்ளறைக்குள் உட்கார்ந்து தந்தியை அறைந்தேன். மூன்றாவது சனிக்கிழமை கீழ்வீட்டுப் பொன்னுரங்கம் படியேறி வந்தார்.

"சார், போர் மோட்டார் இன்னாவோ உறுமிக்கினு கீது. காத்து வாங்குதா?"

"மோட்டார் இல்ல சார். நான்தான்."

"நீங்களா? நான் மோட்டார் மெயின் சுவிட்ச்சயே ஆஃப் பண்ணேன். அப்பவும் நிக்கல."

"பயிற்சி. வீட்ல சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சார் சொல்றேன்," என்றார். அன்று சாயங்காலமே கிறிஸ்டினாவிடம், "மோட்டாருக்கு ஒண்ணுமில்லமா, சார்தான் ஓடிக்கினு இருந்தாரு, அரை நிமிஷத்துக்கு ஒரு தபா நின்னு போறாரு," என்று அவர் சொன்னது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும்.

கடைசி ஒத்திகையில் மெட்டை மெதுவாக வாசித்தேன். கிறிஸ்டினா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் வாயால் 'ரொம்ப' என்ற சொல்லைக் கேட்டதும் நான் உஷாராகியிருக்க வேண்டும். பூரித்துப்போனேன்.

பண்டிகை மாலை. சபை நிரம்பி வெளியே பந்தல் வரை நாற்காலி. ஒலிபெருக்கிப் பொறுப்பு ஜெபகுமாருடையது. கடைசி வரிசையில் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருப்பார். கொறிக்கும் மிக்சர் இல்லை, யார் சத்தம் சபைக்கு எவ்வளவு கேட்கவேண்டும் என்று ஏற்றி இறக்கும் மிக்சர். மேடையில் இருக்கும் எங்களுக்கோ காதில் இயர்போன். அவரவர் வாத்தியம் அதில் தெளிவாகக் கேட்கும்.

மூன்றாவது பாட்டில் என் இடம் வந்தது. கிறிஸ்டினா கையை உயர்த்தி மற்ற எல்லோரையும் நிறுத்தினாள். என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். பாவம், ஏமாறப் போகிறாளே என்று நினைத்தபடி கட்டைவிரலை ஓங்கினேன்.

காதில் இடி இடித்தது. நானே இவ்வளவு சுத்தமாக அதற்குமுன் வாசித்ததில்லை. நூறு சுரம், நூற்றைம்பது. ஓரக்கண்ணால் சபையைப் பார்த்தேன். ஓர் ஆள்கூட அசையவில்லை. பிரமித்து உறைந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். முப்பதாவது நொடியில் வலது கை பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் கல்லாகிவிட்டது. வேறு வழியில்லாமல் வலியில் கண்ணை மூடிக்கொண்டு, மிச்சமிருந்த நொடிகளுக்குப் பல்லவியின் கடைசி வரியை ஒற்றை விரலால் மெல்ல மெல்ல இழுத்தேன். எட்டோ ஒன்பதோ சுரம் இருக்கும். முடித்துக் கண்ணைத் திறந்தால், கைதட்டல் பந்தலிலிருந்தும் வருகிறது.

நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டம் என்னைச் சூழ்ந்தது. ஆயர் என் கையைப் பிடித்தார், இந்த முறை பெயர் சொல்லி. "சத்தியநாதன், ஆரம்பத்துல அரை நிமிஷம் சத்தமே இல்லாம விரலைத் தயார் பண்ணீங்களே, அந்த அமைதி. அப்புறம் அந்த ஒரு வரி. அடடா."

"சத்தமே இல்லாமயா?"

பதில் வருவதற்குள் பேபி டீச்சர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், லேசில் யாரையும் பாராட்டாதவர். கண்கள் ஈரமாக இருந்தன. "எங்க வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷமாச்சு தம்பி. கோயில்ல பக்கத்துல உட்கார்ந்து கூடவே முனகுவார். இன்னிக்கு அவர் குரல் கேட்ட மாதிரி இருந்துச்சு," என்றார். எனக்கு ஒரு நிமிடம் இருநூற்றுப் பன்னிரண்டும் மறந்துபோயிற்று.

ஒரு நிமிடம்தான். நேரே ஜெபகுமாரிடம் போனேன். அவர் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை.

"அண்ணா, என்னைக் கேக்காதீங்க. அக்கா சொன்னாங்க, செஞ்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"'கை வேகமா போறப்ப சபைக்கு இறக்கிடு. முப்பது நொடியில அவருக்குக் கை பிடிச்சுக்கும். கண்ணை மூடுவார். அப்ப ஏத்து. அதுக்கப்புறம் நல்லா வாசிப்பார்'னாங்க."

வீட்டில் என் கட்டைவிரலுக்குத் தைலம் தேய்த்தபடியே கிறிஸ்டினா எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள்.

"நான் ஏமாத்தினேன்னா அதையே நீயும் செய்யறதா?"

"நீங்க யாருக்கும் தெரியாம வாசிக்கப் பார்த்தீங்க. அப்படியேதானே நடந்துச்சு?"

"ஆறு வார உழைப்பு கிறிஸ்டி."

"வீண் போகலைங்க. அவ்வளவு ஓடினதாலதான் கடைசியில அப்படி மூச்சு வாங்கி நின்னீங்க. அந்த மாதிரி ஒரு வரியைத்தான் நான் பதினெட்டு வருஷமா உங்ககிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்."

அதில் பாராட்டு எங்கே, குத்தல் எங்கே என்று பிரிக்கமுடியவில்லை. ஆனாலும் விடுவேனா? நிபந்தனைகளை அடுக்கினேன். இன்னொரு தனி வாசிப்பு வேண்டும். வருகிற ஞாயிறு ஆராதனையிலேயே வேண்டும். என் பக்கத்தில் என் சொந்த ஆம்ப்ளிஃபயர், ஜெபகுமாரின் கை படக்கூடாது. நேரமும் நாற்பது நொடி இல்லை, முழுசாக ஐந்து நிமிடம்.

"சரி," என்றாள், ஒரு கேள்விகூடக் கேட்காமல்.

ஞாயிற்றுக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். ஆம்ப்ளிஃபயரை நானே தூக்கிப்போய் நானே இணைத்தேன். ஆராதனை முறை அச்சடித்த தாளை வாசலில் கொடுத்தார்கள். என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. 'பேஸ் கிட்டார்: திரு. சத்தியநாதன், ஐந்து நிமிடம்.' பெருமையோடு அதற்கு மேல்வரியைப் படித்தேன். 'மௌன ஜெபம்.'

ஆயர் "ஜெபிப்போமாக" என்றதும் சபை முழுவதும் முழங்கால்படியிட்டுத் தலையைக் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டது. கட்டைவிரலை ஓங்கியபடி நின்ற என் காதருகே வந்து கிறிஸ்டினா மெல்லச் சொன்னாள்: "ஆரம்பிங்க. யாரும் தூங்கிடவும் கூடாது, யாரும் முழிச்சுக்கவும் கூடாது."