ரெண்டு சாவி, ஒரு நல்ல நேரம்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதாங்க. புது வூட்டுல பால் காய்ச்சணும்.

வாடகை வூடுதான். ஆனா என் வூட்டுக்காரி தனலட்சுமிக்கு அது அரண்மனை. அதுவரைக்கும் நாங்க இருந்த வூட்டுல மழை பெஞ்சா சோத்துப் பானைய தட்டு போட்டு மூடிட்டு, அந்தத் தட்டு மேல இன்னொரு பாத்திரம் வைக்கணும். மழை பெய்யலன்னா கூரையிலேர்ந்து காரை கொட்டும். ஊருக்கே வூடு பாத்துக் குடுக்கற புரோக்கரோட வாழ்க்கை அது.

புரோக்கர்னு சொல்லக் கூடாது. விசிட்டிங் கார்டுல 'ரியல் எஸ்டேட் ஆலோசகர்'னு போட்டிருந்தேன். அந்த வருசங்கள்ல விருத்தாசலத்துல கையில ஒரு செல்போனும் ஓட்டறதுக்கு ஒரு மொபெட்டும் வச்சிருந்தவங்க பூரா ஆலோசகருங்கதான்.

அதுக்கு முந்தின மாசம் கடலூர்ல ஒரு லாட்ஜ் மாடியில தொழில் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். டை கட்டின ஒருத்தரு வந்து, "ஒங்க எல்லை எதுன்னு தெரிஞ்சிக்கிட்டு வேலை எடுங்க"ன்னாரு.

எல்லையா? வடக்கே பொதுப்பாதை, தெக்கே முனுசாமி மனைன்னு ஊர்ல எந்த மனையைக் கேட்டாலும் நாலு எல்லையும் தூக்கத்துல சொல்லுவேன். எனக்கும் ஒரு எல்லை இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியும்!

"முடியாதுன்னு சொல்லப் பழகுங்க. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாருங்க"ன்னாரு.

வூட்டுக்கு வந்து சொல்லிப் பாத்தேன். "முடியாது, முடியாது, முடியாது." நல்லா கணீர்னு வந்துச்சு.

சமையக்கட்டுலேர்ந்து தனலட்சுமி, "என்ன முடியாது? வந்து சிலிண்டர மாத்துங்க"ன்னா.

போய் மாத்தினேன்.

எங்க தொழில்ல ஒரு வினோதம் உண்டு. வேலை செய்ய நாள் பூரா இருக்கும். ஆனா எந்தப் பார்ட்டியும் அஷ்டமி நவமியில மனை பாக்க வரமாட்டாங்க. ராகு காலத்துல அட்வான்ஸ எடுக்க மாட்டாங்க. எமகண்டத்துல சாவிய கையால தொட மாட்டாங்க. இதெல்லாம் கழிச்சா எனக்குன்னு மிச்சம் இருக்கறது காலண்டர் தாள்ல 'நல்ல நேரம்'னு போட்டிருக்கற அந்த ஒரு மணி நேரம்தான். மத்த நேரம் பூரா டீக்கடையில உக்காந்து ஆலோசகரா இருக்கலாம்.

நாங்க பால் காய்ச்ச குறிச்சது ஆவணி மாசத்து வெள்ளிக்கெழம. ஒம்பதரையிலேர்ந்து பத்தரை வரைக்கும் நல்ல நேரம். பத்தரை அடிச்சா ராகு காலம்.

செவ்வாக்கெழம பெண்ணாடம் ஆலையில வேலை செய்யற ஒருத்தரு போன் பண்ணாரு. புள்ளைங்க படிப்புக்காக விருத்தாசலத்துக்குக் குடி வர்றாரு. அவருக்கும் நான்தான் வூடு பாத்துக் குடுத்திருந்தேன்.

"அண்ணே, வெள்ளிக்கெழம பால் காய்ச்சிடலாம்னு இருக்கோம். எனக்கு அன்னிக்கு ஷிப்டு, லீவு கெடைக்கல. வூட்டுல என் சம்சாரமும் கொழுந்தியாளும் மட்டும் வருவாங்க. நீங்க கூட இருந்து தொறந்து வுடணும்."

"அதுக்கென்னங்க, வந்துடறேன்"ன்னேன்.

புதங்கெழம சேத்தியாத்தோப்புலேர்ந்து ஒரு மனை பார்ட்டி. "சார், வெள்ளிக்கெழம ஒம்பதரைக்கு குடும்பத்தோட வர்றோம். மனை புடிச்சிருந்தா அங்கயே அட்வான்ஸ்."

"தாராளமா வாங்க"ன்னேன்.

தனலட்சுமி பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. "நம்ம வூட்டுல பால் காய்ச்சறது யாரு?"

"நான்தான்."

"எப்ப?"

"ஒம்பதரைக்கு."

"சரி. அவங்கள்லாம் எப்ப வர்றாங்க?"

நான் செல்லுக்கு சார்ஜ் போடப் போயிட்டேன்.

இங்க வூட்டப் பத்திச் சொல்லிடணும். எனக்கும் ஆலைக்காரருக்கும் பாத்தது ஒரே ஓனரோட ரெட்டை வூடு. ரெண்டு பசங்களுக்குன்னு ஒட்டி ஒட்டிக் கட்டினாரு. வடக்குப் பாத்த வாசல், ஒரே பச்சைக் கதவு, ஒரே மாதிரி ஜன்னலு. ஆனா கொத்தனாரு ஒண்ணைக் கட்டிட்டு, இன்னொண்ணை அப்படியே கண்ணாடியில பாத்த மாதிரி திருப்பிக் கட்டிட்டாரு. அதனால கெழக்கு வூட்டுல சமையக்கட்டு அக்னி மூலையில வந்துடுச்சு. மேற்கு வூட்டுல, அடுப்பே வைக்கக் கூடாதும்பாங்களே, அந்தக் கன்னி மூலையில.

தனலட்சுமி அக்னி மூலைய பாத்ததும் கண்ணு கலங்கிட்டா. "ஏங்க, ஜன்னலு வேற இருக்குதுங்க. பொகை போவும். கடப்பாக்கல்லு மேடை பாருங்க"ன்னு தடவித் தடவிப் பாத்தா. நானும் மனசு எளகிப் போய், கெழக்கு வூடு நமக்கு, மேற்கு வூடு பார்ட்டிக்குன்னு முடிவு பண்ணிட்டேன். 'மூலை சரியில்லையே'ன்னு இழுத்த ஆலைக்காரர்கிட்ட, "வாடகை வூட்டுக்கு எதுக்குங்க சார் வாஸ்து? ரெண்டும் ஒண்ணுதான்"னு தொழில் தர்மப்படி சொல்லி அனுப்பிட்டேன்.

சாவிக்கு வருவோம்.

பீங்கான் சூளைங்க நெறைஞ்ச நம்மூர்ல சாவிக்கொத்துக்கு வளையம் காசு குடுத்து வாங்கறவங்க உண்டா? சூளையில கழிச்சுப் போட்ட பீங்கான் பியூஸ் கட்டைதான். ஓனரு ரெண்டு சாவியையும் ஆளுக்கொரு வெள்ளைக் கட்டையில கோத்துக் குடுத்துட்டாரு. நான் புத்திசாலி இல்லையா? ஒரு கட்டையில 'நாம', இன்னொண்ணுல 'ஆலை'ன்னு ஸ்கெட்ச் பேனாவால எழுதி, ரெண்டையும் ஒரே சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

வெள்ளிக்கெழம காலையில திட்டம் எப்படின்னா, மொதல்ல ஒம்பதுக்கே போய் நின்னு, மனை பார்ட்டி வந்ததும் முடிக்கறது. அப்புறம் ஆலைக்காரர் சம்சாரத்துக்குத் தொறந்து வுடறது. அப்படியே பக்கத்து வாசலுக்கு வந்து நம்ம பால். எல்லாம் கணக்குப்படி. டைக்காரரு பாத்தா மேடையில ஏத்தி மாலை போட்டிருப்பாரு.

மனை பார்ட்டி வந்து எறங்கினாங்க. ஒரு வேன் நெறைய!

பெரியவரு ஒருத்தரு எறங்கினதும், "கல்லு எங்க?"ன்னாரு. மூணு மூலைக்கல்லக் காட்டினேன். நாலாவது வடகெழக்குக் கல்லு. ஆடு மேய்க்கறவங்க அதுலதான் ஆடு கட்டுவாங்க. அதக் காணோம்.

"ஈசானியத்துல கல்லு இல்லாம நான் மனை பாக்க மாட்டேன்"னாரு பெரியவரு.

வேன்ல வந்த அத்தனை பேரும் நானும் கருவ முள்ளுக்குள்ள கல்லு தேடறோம். சட்டை தொப்பலா நனைஞ்சிடுச்சு. அப்ப ஆலைக்காரர் சம்சாரம் போன் பண்ணுச்சு. "அண்ணே, நாங்க பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டோம். பாலும் ஸ்டவ்வும் கையில இருக்குது. எங்க வரணும்?"

வேலையப் பிரிச்சுக் குடுங்கன்னும் அந்த வகுப்புல சொன்னாங்க. பிரிச்சேன். எனக்குத் தெரிஞ்ச ஆட்டோக்காரரு பாஸ்கர வரவழைச்சு, அவங்களக் கூட்டிட்டுப் போய் வுடச் சொல்லி, பைக்குள்ள கைய வுட்டு சாவிய எடுத்தேன்.

ரெண்டு கட்டையும் பால் மாதிரி வெள்ளையா இருக்குது! எழுதினது பூரா வேர்வையில கரைஞ்சி என் சட்டையில நீலமா எறங்கியிருக்குது. பீங்கான் மெருகு மேல பேனா மை நிக்காதுன்னு இந்த ஊர்ல பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குக் கூடத் தெரியும். ஆலோசகருக்குத் தெரியல.

"எது ஆலை?"ன்னாரு பாஸ்கரு.

பின்னாலேர்ந்து பெரியவரு, "சார்! கல்லு!"ன்னு கத்தறாரு. நான் தோராயமா ஒண்ணை எடுத்து நீட்டி, எந்த வகுப்புலயும் சொல்லித் தராத ஒரு வாசகத்தச் சொன்னேன்.

"எந்தக் கதவு தொறக்குதோ அதான் அவங்க வூடு."

கல்லு கெடைக்கறதுக்குள்ள பத்தேகால் ஆயிடுச்சு. "நீங்க அளந்துக்கிட்டே இருங்க, பத்து நிமிஷத்துல வந்துடறேன்"னு பெரியவர்கிட்ட சொல்லிட்டு மொபெட்ட முறுக்கினேன்.

தெருவுல திரும்பும்போதே பாத்தேன். எங்க சாமான் ஏத்தின தட்டுவண்டி ரெட்டை வூட்டு முன்னால நிக்குது. பக்கத்துல தனலட்சுமி, பட்டுப் புடவையில, கையில பால் சொம்போட. அவ மொகத்துல கோவம் இல்ல. அதுதான் என்னப் பயமுறுத்துச்சு.

கெழக்கு வூட்டுக் கதவு விரியத் தொறந்து கெடக்குது. உள்ள ஊதுவத்தி வாசனை. அக்னி மூலையில, கடப்பாக்கல்லு மேடை மேல, புதுப் பானையில யாரோ பால் காய்ச்சறாங்க. பாஸ்கரு வாசல்ல உக்காந்து, அவங்க வூட்டுலேர்ந்து கொண்டாந்த சக்கரைப் பொங்கல் சாப்புடறாரு.

நான் உள்ள ஓடினேன். "தங்கச்சி, ஒரு நிமிஷம், ஒரு சின்ன தப்பு..."

சரியா அந்த நொடியில பால் பொங்கிடுச்சுங்க!

"அண்ணே! கெழக்குப் பக்கமாவே பொங்குச்சுண்ணே!"ன்னு அந்தப் பொண்ணு கையெடுத்துக் கும்புட்டுச்சு. கண்ணுல தண்ணி. கூட வந்த கொழுந்தியா குலவை போடாத கொறைதான். "எங்க வூட்டுக்காரரு மூலை சரியில்லன்னு சொன்னாரு. நான் வந்து பாத்தா அக்னி மூலை! அவருக்குத் தெசையே தெரியலண்ணே."

பொங்கின பால எப்படிங்க பானைக்குள்ள திருப்பி அனுப்பறது?

வெளிய வந்தேன். தனலட்சுமி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னிருந்தா.

"வேணும்னா நான் பேசிப் பாக்கறேன் தனம். பத்து நிமிஷத்துல காலி பண்ணச் சொல்லி..."

"பால் பொங்கின வூட்டுலேர்ந்து ஒரு பொம்பளைய எழுந்து போன்னு சொல்லுவீங்களா?"

நான் தலையக் குனிஞ்சேன். நெஜமாவே மனசு கஷ்டமாப் போச்சு. அவ கேட்டது ஒரே ஒரு சமையக்கட்டு. ஊர்ல பாதிப் பேருக்கு நான் சாவி குடுத்திருக்கேன். அவளுக்குக் குடுக்க வேண்டியதை முள்ளுக்காட்டுல நின்னு தோராயமா எடுத்து ஆட்டோவுல அனுப்பிட்டேன்.

ஆனா நாக்கு சும்மா இருக்குமா? "பரவால்ல தனம், வாடகை வூட்டுக்கு எதுக்கு வாஸ்..."

அவ பாத்தா. மிச்சத்த முழுங்கிட்டேன்.

"மணி என்ன?"ன்னா.

"பத்து இருபது."

"அந்த இன்னொரு சாவியக் குடுங்க."

மேற்கு வூட்டத் தொறந்தா. எங்க அடுப்பு தட்டுவண்டியில பீரோவுக்கு அடியில மாட்டிக்கிட்டிருக்குது. அத எடுக்கணும்னா பீரோவ எறக்கணும். பீரோவ எறக்க கட்டில எறக்கணும். நான் வண்டி மேல ஏறி கயிறு அவுக்கறேன், முடிச்சு இறுகிடுச்சு. அந்த நேரம் பாத்து செல்லு அடிக்குது.

"சார், எங்க போயிட்டீங்க? கல்லு நட்டுட்டோம். அட்வான்ஸ் எடுத்து வச்சிருக்கோம். பத்தரைக்குள்ள வாங்க!"

தனலட்சுமி செல்ல என் கையிலேர்ந்து வாங்கினா. "ஐயா, அவரு இங்க கட்டில்ல ஏறி நிக்கறாருங்க. முடியாது"ன்னா. செல்ல அணைச்சிட்டா.

கண்ணாடி எதுவும் தேவைப்படல அவளுக்கு.

பக்கத்து வாசல்லேர்ந்து அந்தப் பொண்ணு எட்டிப் பாத்துச்சு. "அக்கா, நீங்கதான் இங்க குடி வர்றீங்களா? அடுப்பு மாட்டிக்கிச்சா? எங்க ஸ்டவ்வ எடுத்துக்குங்க!"ன்னு அதுவே தூக்கிட்டு வந்துச்சு.

கன்னி மூலையில, கடன் வாங்கின ஸ்டவ்வுல, தனலட்சுமி பால் வச்சா. ஸ்டவ்வு நிதானமா எரியுது. பாலு அதவிட நிதானமா இருக்குது. நான் வாட்ச்சப் பாக்கறேன், பாலப் பாக்கறேன். ஒரு கட்டத்துல வாட்ச்சக் கழட்டி பைக்குள்ள போட்டுட்டேன். நல்ல நேரத்துலதான் பொங்குச்சுன்னு இன்னிக்கும் சொல்லிக்கிட்டிருக்கோம்.

மனை பார்ட்டி அன்னிக்கு சாயங்காலமே வேற ஒரு ஆலோசகர் மூலமா வேற மனையில அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம். நாங்க தேடிக் கண்டுபுடிச்ச கல்லுல ஆடு கட்டியாச்சு.

எல்லாம் அடங்கி, அவங்க சாமான் வண்டியும் பெண்ணாடத்துலேர்ந்து வந்து நின்னப்புறம் அந்தப் பொண்ணு ரெண்டு டம்ளர்ல பால் கொண்டாந்து குடுத்துச்சு. என்னப் பாத்து மனசாரச் சொல்லுச்சு: "அண்ணே, எத்தனையோ புரோக்கருங்களப் பாத்திருக்கோம். ஒங்கள மாதிரி யாருமில்ல. ஒங்க வூட்டுக்குன்னு பாத்த மாதிரியே பாத்துக் குடுத்திருக்கீங்க!"

நான் டம்ளரத் தூக்கி மொகத்த மறைச்சிக்கிட்டேன்.

தனலட்சுமி டம்ளர நிதானமா குடிச்சி முடிச்சிட்டு என் பக்கம் திரும்பினா.

"கேட்டீங்களா? தொழில்ல நல்ல பேரு எடுத்துட்டீங்க. பேரு கெடறதுக்குள்ள போய் அவங்க பீரோவயும் எறக்கி வச்சிட்டு வாங்க."