ஃபுல்லு அண்ணாச்சியின் ஆம்ப்ளிஃபயர்

உலகத்தில் எந்தத் திருகு இருந்தாலும் அது கடைசிவரை திருகப்படுவதற்காகவே படைக்கப்பட்டது என்று நம்பும் ஒரே மனிதர் ஃபுல்லு அண்ணாச்சி. பெயரை வைத்துத் தப்பாக நினைக்க வேண்டாம். பன்னீர் சோடாவுக்கு மேல் எதையும் தொட்டதில்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருக்காரர். பைக்கின் இருபக்கமும் கல் உப்பு மூட்டை கட்டி, திருச்சுழி வட்டாரம் முழுக்க விற்பவர். மழை பொய்த்தால் மனசார மகிழும் வியாபாரி இந்தச் சீமையில் அவர் ஒருவர்தான்.

பைக்கில் ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஹேண்டில்பாரில் ஒரு மைக். ஆம்ப்ளிஃபயரில் ஐந்து திருகு. ஐந்தும் ஃபுல்லு.

"எதுக்கு அண்ணாச்சி இப்படி?"

"தம்பி, கடைக்காரன் அஞ்சு திருகுக்கும் சேத்துத்தான காசு வாங்குனான்? பாதிய மிச்சம் வச்சா யாருக்கு லாவம்?"

இந்தப் பொருளாதாரத்துக்கு ஆம்ப்ளிஃபயர்தான் பதில் சொன்னது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சூடேறி, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஊமையாகிவிடும். ஊர் நடுவே ஊமையானால் உப்பை யாரிடம் விற்பது? அண்ணாச்சி ஈரத்துணி போர்த்திப் பார்த்தார். எலுமிச்சம்பழம் சுற்றிப் பார்த்தார். அப்புறம்தான் என்னிடம் வந்தார். வரிசையைக் கவனியுங்கள்; நான் எலுமிச்சம்பழத்துக்கு அடுத்தபடி.

நான் ஆம்ப்ளிஃபயர் கையேடு படித்தவன். கையேடு மட்டும் படித்தவன் என்பது வேறு விஷயம்.

"அண்ணாச்சி, உள்ள வர்ற குரல ஏத்துற கெயின் வேற, வெளிய விடுற வால்யூம் வேற. கெயினை ரொம்ப ஏத்துனா சத்தம் வளராது, கிழியும்."

"வளராட்டி கெடக்கு. கொறையாதுல்ல?"

என்ஜினை ஓடவிட்டு, கெயினை அடியிலிருந்து மெல்ல ஏற்றி, குரல் பிசிறடித்த இடத்தில் சற்றுப் பின்வாங்கி நிறுத்தினேன். அடித்தொனியைப் பெருக்கும் பேஸ் பூஸ்டை அடியோடு இறக்கினேன். அந்த ஸ்பீக்கர் தாங்காத கனத்த சத்தத்தை ஃபில்டரில் தடுத்தேன். ஒவ்வொரு திருகு இறங்கும்போதும் அண்ணாச்சி பல் பிடுங்கக் கொடுத்தவர்போல் முகம் சுளித்தார். ஆனால் சிவப்பு விளக்கு எரியவில்லை. அவர் மருமகன் பேசி பென் டிரைவில் பதிந்திருந்த விளம்பரம் முதன்முறையாக வார்த்தை வார்த்தையாக வெளியே வந்தது: "உங்கள் இல்லம் தேடி வருகிறது, உயர்தரக் கல் உப்பு!"

வெற்றியைக் கண்ணால் பார்க்க நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். எம்.ரெட்டியபட்டிக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பெண்கள் ஓடிவந்தார்கள். ஒரு கையில் பாத்திரம். மறு கையில் ரேஷன் கார்டு.

"கார்டுக்கு எத்தன கிலோ அண்ணாச்சி?"

"வெலைக்குத்தான் தாயி..."

"இல்லம் தேடி வருதுன்னு கவருமெண்டே சொல்லுது, இவுக வெல சொல்றாகளே! கவருமெண்டு ஆர்டர் கெடச்சதும் ஆளே மாறிட்டீக. பின்னாடி இருக்க ஆபீசரக் கேளுங்கடி!"

மூக்குக் கண்ணாடியும் சட்டைப்பையில் பேனாவுமாக உப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவனை வேறு யாரென்று நினைப்பார்கள்?

"நரிக்குடிக்காரவுகளுக்குக் குடுத்துட்டு மிச்சத்தத்தான எங்களுக்குக் கொண்டாந்தீக?" என்றாள் ஒருத்தி.

"தண்ணி வந்து எட்டு நாளாச்சு. தவிச்ச வாய்க்கு உப்பக் குடுத்து விடுறீகளே, இது யாரு சார் போட்ட திட்டம்?" என்றாள் இன்னொருத்தி.

நான் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து ஒளித்தேன். அதற்குள் ஒரு கை மூட்டையின் கட்டை அவிழ்க்கத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சியின் மொத்த முதலே அந்த இரண்டு மூட்டைதான்.

அவர் பதறவில்லை. பென் டிரைவைப் பிடுங்கினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஐந்து திருகையும் ஃபுல்லில் வைத்தார். மைக்கைப் பிடித்து ஏதோ சொன்னார். கர்ர்ர்ர் என்று தெருவே அதிர்ந்தது. ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அடி போங்கடி, கவருமெண்டு இப்படியா கத்தும்? இது நம்ம ஃபுல்லு அண்ணாச்சி உப்புதான்! கார்ட உள்ள வச்சிட்டுக் காச எடுத்துட்டு வாங்க!"

ஒரு மூட்டை அங்கேயே காலி.

மைக்கில் அவர் சொன்னது ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் நன்றாகக் கேட்டது: "அவுகள ஒண்ணும் சொல்லாதீக தாயி. நம்ம ஆளுதான். கொஞ்சம் கூடப் படிச்சிட்டாக, அம்புட்டுதான்."

என் படிப்பை இத்தனை வருஷத்தில் வேறு யாரும் இவ்வளவு பெரிய மனசோடு மன்னித்ததில்லை.