மிட்டாய் வாசனை வந்த லாரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நலம் என்றால், சாப்பிடுகிறேன், நடக்கிறேன், அவ்வளவுதான். அங்கே நீயும், உன் வீட்டாரும், முந்தாநாள் ஒரு கைப்பையோடு வந்து இறங்கிய உன் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். ஏன் வந்தாள் என்று அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது அவளுக்கு முப்பத்து நாலு வருஷப் பழக்கம். ஆகவே என்னை நானே காட்டிக்கொடுக்கிறேன். படித்து முடித்ததும் இதை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. போனில் பேசினால் பாதியிலேயே சமாளித்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

வீடு மாற்ற உன் பழைய லாரியைக் கொடுத்தபோது நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: "அத்தான், ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சா நீங்களா எதையும் நோண்டாதீங்க. பட்டறையில காட்டிடுங்க." நான் சிரித்தேன். குடிநீர்க் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதே என் உத்தியோகமாக இருந்தது. நடுத்தெருவில் கம்பியை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, ஆறடி ஆழத்து ஓட்டையைச் சொன்னவன் நான். என்னிடமா?

முதல் நாள் இரண்டு நடை அடிப்பதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. மூடியைத் திறந்தால் ஒரு லிட்டர் குறைச்சல். ஊற்றினேன். மறுநாளும் ஒரு லிட்டர். ஹோஸ் கிளிப்பை எல்லாம் முடுக்கினேன், ரேடியேட்டர் மூடியைப் புதிதாக மாற்றினேன், வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை, கம்பியை எஞ்சின்மேல் வைத்துக் காதைக் கொடுத்ததில் காது சுட்டதுதான் மிச்சம். இதற்கு நடுவில் பக்கத்து சீட்டில் நிலைக்கண்ணாடியை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் அக்கா, "காலெல்லாம் ஈரமா இருக்குங்க" என்றாள். "உன் ஃபிளாஸ்க் ஒழுகுது" என்று சொல்லி அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக் கொடுத்தேன். அடுத்து முன்கண்ணாடி உள்பக்கம் புகை படிந்தாற்போல் வேர்த்தது. "நீ பேசிக்கிட்டே வர்றதால மூச்சுக்காத்து படியுது, கொஞ்சம் பேசாம வா" என்றேன். அவளும் பேசாமல்தான் வந்தாள். கண்ணாடி அப்போதும் வேர்த்தது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வண்டிக்குள் இனிப்பு வாசனை. உருகின மிட்டாய் மாதிரி. உன் அக்காவுக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருஷமாகிறது, உனக்குத் தெரியும். நான் வண்டியை நிறுத்தினேன். "மிட்டாய் தின்னியா?" என்றேன். "இல்லைங்க." "பொய் சொல்லாதே." அப்புறம் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. புது வீட்டு வாசலில், சாமான் இறக்க வந்த நாலு பேரும் எதிர்வீட்டு அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கைப்பையை வாங்கி பானெட்மேல் கவிழ்த்தேன். மூக்குக்கண்ணாடி, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட்டுகள், ஒரு குட்டி நோட்டு. நோட்டில் தினமும் காலையில் சர்க்கரை எவ்வளவு என்று தேதி போட்டு எழுதியிருந்தாள், இரண்டு வருஷமாக, ஒரு நாள் விடாமல். அப்படி ஒரு நோட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

நான் பின்னாலேயே போயிருக்க வேண்டும். பீரோவை ஏற்றப் போனேன். திரும்பி வரும்போது மேம்பாலத்து ஏற்றத்தில் முள் சிவப்பைத் தாண்டி நின்றது. பக்கத்து சீட்டில் ஆளில்லை, ஃபிளாஸ்க் இல்லை, பேச்சு இல்லை. கண்ணாடி வேர்த்தது, கால்மிதி ஈரம், அதே மிட்டாய் வாசனை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சீட்டுக்கு அடியில் மிட்டாய் ஒளித்துவைத்திருக்கிறாளா என்று அப்போதும் ஒரு தரம் தேடினேன்.

கயிறு கட்டி இழுத்துப் போன பட்டறையில் ஒரு அம்மாதான் மெக்கானிக். ரேடியேட்டர் வாயில் காற்றுப் பம்பைப் பொருத்தி நாலு அழுத்து அழுத்தினாள். நேராகப் போய்ப் பக்கத்து சீட்டுக் கால்மிதியைத் தூக்கினாள். அடியில் பச்சையாகக் குளம்.

"ஹீட்டருக்குன்னு டேஷ்போர்டுக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கு சார். அது ஓட்டை. இது வெளிய ஒழுகாது, உள்ளதான் ஒழுகும். ரேடியேட்டர் தண்ணியில கலந்திருக்கிற பச்சைக் கூலன்ட் வாசனை இனிப்பாதான் இருக்கும். ஏன் சார், பக்கத்துல யாரும் உட்காரலையா? கால் நனையுதுன்னு சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஃபிளாஸ்க்கை மாத்தினேன்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம், எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டாள். புது ஹீட்டர் வரும்வரை அப்படியே ஓட்டலாமாம். பில்லில் எழுத லாரி சொந்தக்காரர் போன் நம்பர் கேட்டாள், உன் நம்பரைக் கொடுத்தேன். எஞ்சினுக்குச் சேதமில்லை. உன் லாரி தப்பித்தது.

ஆகவே மாப்பிள்ளை, உன் அக்காவிடம் சொல். கால் நனைந்தது நிஜம். கண்ணாடி வேர்த்ததற்கு அவள் பேச்சு காரணமில்லை. மிட்டாய் இல்லை. அவள் எப்போது வந்தாலும் சரி, வராவிட்டாலும் கேட்க எனக்கு வாயில்லை. உன் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, என் ஆசிக்கு இப்போது மதிப்பிருந்தால்.

இப்படிக்கு,
இன்னமும் உன் அத்தான் என்று நம்பும்
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டியபின் பிரித்து எழுதுகிறேன். உன் அக்கா வந்துவிட்டாள். பையை வைத்துவிட்டு, "வண்டி என்னாச்சு?" என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "ஹீட்டர்ல ஓட்டை. நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று வந்துவிட்டது. "பரவாயில்லையே!" என்றாள். சரி, இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து உனக்குப் போன் போட்டுவிட்டாள். எனக்குக் கேட்டது: "ஆமாடா, அவரே கண்டுபிடிச்சாராம். நான் சிரிக்காம கேட்டேன். பட்டறைக்காரம்மா உனக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னதை அவர்கிட்ட காட்டிக்காதே. பாவம், மனுஷன் இளைச்சுப் போயிருக்காரு." கிழிக்காமல் அனுப்புகிறேன். எனக்குக் காதில் விழுந்துவிட்டது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.