இரண்டு வாசல் கடையும் ஒரு ஜோடிச் செருப்பும்

பேரம் பேசுவதில் என்னை மிஞ்ச ஆளே இல்லை என்று நான் நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையை ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு கடையில் விட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்துக்குச் செருப்பையும்தான்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி, கும்பகோணத்திலிருந்து கிளம்பிக் கப்பலேறி, சிங்கப்பூரில் வந்து இறங்கிய புதிது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் மாடி அறையில் குடித்தனம். என் வீட்டுக்காரருக்கு ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. நல்ல மனிதர். ஆனால் உப்பு முதல் பாவாடை நாடா வரை அவரேதான் கடைக்குப் போய் வாங்கி வருவார். "நீ ஊருக்குப் புதுசு, ஏமாத்திடுவாங்க" என்பார். ஏமாந்து வருவது என்னவோ அவர்தான். (அவர் எடுத்துவந்த கிளிப்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு தனிக்கதை.)

அப்போதுதான் அவருடைய வெள்ளைக்கார மேலதிகாரி, ஞாயிற்றுக்கிழமை டீக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்ததோ எவர்சில்வர் டம்ளர்கள். கோப்பையும் சாஸருமாக ஒரு டீ செட் வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது?

கீழ்வீட்டுப் பாக்கியம் அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர்; பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' போடுவார். "நார்த் பிரிட்ஜ் ரோட்டுல மூணு மாடிக் கடை இருக்கு, அங்க போ லா. பேசிக் குறைக்கலாம். ராஃபிள்ஸ் பிளேஸ் கடையில ஒட்டியிருக்கிற வெலதான். ஒரு காசு எறங்க மாட்டான்."

வீட்டுக்காரருக்கோ ராஃபிள்ஸ் பிளேஸ்தான். "பெட்டியில அந்தக் கடை பேரு இருக்கணும். துரை கண்ணுல படற மாதிரி அலமாரி மேல வைக்கணும்." (டீ செட்டைவிடப் பெட்டிதான் அவருக்கு முக்கியம்.)

"விக்கிறதுக்குன்னு கடை தொறந்தவன் குறைக்காம இருப்பானா? அங்கயே போவோம். நான் குறைச்சுக் காட்டறேன்" என்றேன். வீட்டுக்குப் பக்கத்துத் தேக்கா சந்தையில் கத்தரிக்காய்க்காரரைக் கையெடுத்துக் கும்பிட வைத்த தைரியம்.

அவர் சிரித்தார். "குறைச்சிட்டா இனிமே கடைக்குப் போற பொறுப்பு உனக்கு. இல்லேன்னா காலத்துக்கும் நான் வாங்கிட்டு வர்றதைத்தான் கட்டிக்கணும்."

என் சேலையை நானே எடுக்கும் உரிமை! இதற்காக நான் அந்தக் கடையையே விலைக்குக் கேட்டிருப்பேன்.

கடை வாசலில் அவர் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலாளி எனக்குக் கதவைத் திறந்து சலாம் வைத்தார். உள்ளே தரை பளபளவென்று, முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் போல இருந்தது. எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் பாயில் உட்காருவோம். கோரைப் பாய்க்கே அந்த மரியாதை என்றால் இந்தத் தரைக்கு? வாசல் தூணோரமாகச் செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தேன். காவலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார்; பிறகு என்ன நினைத்தாரோ, இன்னொரு சலாம் வைத்தார்.

பீங்கான் பகுதியில் ஒரு சீனப் பெண் நின்றாள். ரோஜாப்பூப் போட்ட டீ செட்டைக் காட்டினேன். விலை அட்டையைப் பார்த்ததும் தேக்காவில் கற்ற இரண்டு மலாய் வார்த்தைகளையும் இறக்கினேன். "மஹால்!" என்று முகத்தைச் சுளித்தேன், விலை அதிகமாம். "கூராங் லா!" என்றேன், குறைக்க வேண்டுமாம்.

"ஃபிக்ஸட் பிரைஸ், மேடம்" என்று அவள் புன்னகைத்தாள்.

கோப்பையைச் சுண்டிப் பார்த்து, விரிசல் கண்டவள் போல உதட்டைப் பிதுக்கினேன். புன்னகை அசையவில்லை. சற்றுத் தள்ளி வீட்டுக்காரர், என்னை யாரென்றே தெரியாதவர் போல டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கடைசி அஸ்திரம் ஒன்று பாக்கி இருந்தது. வேண்டாம் என்று நடையைக் கட்டுவது. திரும்பிப் பார்க்கக் கூடாது, வேகமாகவும் நடக்கக் கூடாது. கடைக்காரர் மனம் மாறிக் கூப்பிட அவகாசம் கொடுக்க வேண்டும். நடந்தேன். தொப்பிகளைக் கடந்தேன், கூப்பிடவில்லை. சென்ட் பாட்டில்கள் அருகே நின்று முந்தானையைச் சரிசெய்தேன், கூப்பிடவில்லை. எதிரே ஒரு கதவு வந்துவிட்டது. மானம் போகக் கூடாதே, தள்ளிக்கொண்டு வெளியேறினேன்.

உச்சி வெயில். தார் ரோடு. அது வேறு வாசல்!

தூணும் இல்லை, செருப்பும் இல்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தை, நின்றிருந்த மூன்று சக்கர டிரைஷா வண்டிக்காரர் வாய் பிளந்து பார்த்தார். உள்ளே ஓடுவதைத் தவிர வழியில்லை. முன்வாசலுக்குப் போகும் பாதையோ பீங்கான் பகுதி வழியாகத்தான் இருந்தது.

"ஆ, மேடம் கம் பேக்!" என்றாள் அந்தப் பெண், அதே புன்னகையோடு. பக்கத்தில் வீட்டுக்காரர் பர்ஸைத் திறந்து தயாராக நின்றார். ஒட்டியிருந்த விலைக்கே டீ செட் பெட்டிக்குள் போனது.

முன்வாசலில் காவலாளி தம் முக்காலிக்கு அடியிலிருந்து என் செருப்பை எடுத்து, காலடியில் பவ்யமாக வைத்து மூன்றாவது சலாம் போட்டார். வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பஸ் ஏறி தேக்கா வரும்வரை அவர் சிரிப்பு அடங்கவில்லை.

(ஞாயிற்றுக்கிழமை வந்த துரை டீ குடிப்பதில்லையாம். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளர் ரொம்ப அழகு என்றார்.)

பந்தயத்தில் தோற்றாலும் சேலை உரிமை சில மாதங்களில் என் கைக்கு வந்துவிட்டது. அடுத்து அவர் எடுத்துவந்த கத்தரிப்பூ நிறச் சேலையைப் பார்த்து பாக்கியம் அக்காவே எனக்காகச் சண்டை போட்டார். ஆனால் இன்றுவரை எனக்கு இல்லாத உரிமை ஒன்று உண்டு. கோபம் தலைக்கேறி, "இந்த வீட்டுல இனிமே ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்" என்று நான் பையைத் தூக்கினால், அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பார்:

"செருப்பு எந்த வாசல்ல இருக்கு?"

பிள்ளைகள் சிரிப்பார்கள். பாழாய்ப்போன சிரிப்பு எனக்கும் வந்துவிடும். பையை வைத்துவிட்டு டீ போடப் போவேன், டம்ளரில்தான்.