அமிர்தகலா இன்னா சாதி?

இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்த எண்பத்தேழாம் வருஷம். கள்ளக்குறிச்சியில் பஸ் ஓடவில்லை. உள்ளூர் வார இதழில் என் தொடர்கதை மட்டும் தடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஓய்வு நேரத்தில், அதாவது அலுவலக நேரத்தில், எழுத்தாளர். என் கதாநாயகி அமிர்தகலாவுக்குக் கோபம் வராது, வியர்க்காது. மாமியார் சூடு வைத்தால்கூட, "உங்கள் கை சுட்டுவிட்டதா அத்தை?" என்று கேட்பாள். அதை எழுதிவிட்டு நானே அழுதேன். என் மனைவி கொளஞ்சியம்மாள் அழவில்லை.

"எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுக்கினே இருக்காளே, இவ எப்பதான் துன்னுவா?" என்றாள். இலக்கியம் தெரியாதவள் என்று மன்னித்தேன்.

ஒருநாள் சாதிச் சங்கத் தலைவர் ராஜாங்கம் ஆட்களோடு வீட்டுக்கு வந்தார்.

"அமிர்தகலா எங்க பொண்ணுதானங்க? இந்தப் பொறுமை வேற எவளுக்கு வரும்? தெளிவா எழுதிடுங்க."

மறுநாள் வேறொரு சங்கத்து வெங்கடேசன் வந்தார். "அவ எங்க பொண்ணுங்க. மாத்தி எழுதினீங்க, அடுத்த மரம் உங்க வாசல்லதான் வுழும்."

பொது அமைதிக்குக் குந்தகம் விளையும் என்று கருதி, மேலதிகாரி தீனதயாளன் என்னை விசாரித்தார்.

"பொண்ணு இன்னா சாதிய்யா?"

"நான் குடுக்கலீங்க."

"அவ அப்பா அம்மாவ வெச்சி சொல்லு."

"மொத வாரமே சாவடிச்சிட்டேங்க. அனாதைன்னாதான் இரக்கம் ஜாஸ்தி."

"இன்னா சாப்பிடுவா?"

"இன்னும் சாப்பிடலீங்க."

அவர் பேனாவை மூடினார். "சாதி இல்ல, சொந்தம் இல்ல, பசி இல்ல. இவள எப்பிடிய்யா எல்லாரும் எங்க பொண்ணுன்றாங்க?"

"அதனாலதாங்க."

ஒரு வாரத்துக்குள் சிக்கலைத் தீர்க்கும்படி ஆணையிடப்பட்டது. எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை. கடைசியில் கொளஞ்சி சொல்லச் சொல்ல எழுதினேன்.

அந்த வாரம் அமிர்தகலா வெயிலில் களை எடுத்தாள். வியர்த்தது. புருஷனுக்குக் காத்திராமல் கருவாட்டுக் குழம்பு ஊற்றி மூன்று உருண்டை களி தின்றாள். மாமியார் சூடு வைக்கக் காய்ச்சிக்கொண்டு வந்த கரண்டியைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தாள்.

"இன்னொரு வாட்டி இத எடுத்த, உனுக்கு சோறு கெடையாது!"

இதழ் வந்த அன்றே ராஜாங்கம் வந்தார். "இவ எங்க பொண்ணு இல்லீங்க." பின்னாலேயே வெங்கடேசன்: "எங்களுதும் இல்லீங்க." இருவரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த வருஷத்தில் ஊர் கண்ட ஒரே ஒற்றுமை அது.

ஒருவேளை மலைச்சாதிப் பெண்ணோ என்று வெள்ளிமலைக்கு அலுவலக ஜீப் போனது. அங்கே எல்லாப் பெண்களும் பசித்தால் சாப்பிடுவதால் மேற்படியாளைத் தனியே அடையாளம் காண இயலவில்லை என்று அறிக்கை வந்தது.

"யாருக்கும் வேணான்னா, எழுதின நீதான்யா பொறுப்பு" என்றார் தீனதயாளன்.

"ஐயா, அந்த வாரம் நான் எழுதலீங்க. என் வூட்டுக்காரி." அப்படியே எழுத்துமூலம் கொடுத்தும் விட்டேன்.

அவர் கோப்பை மூடினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது கெடக்கட்டும். அடுத்த வாரம் அந்த மாமியாரு இன்னா பண்றா?"

அலுவலக வாசலில் ராஜாங்கமும் வெங்கடேசனும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கே தெரியாதுங்க" என்றேன். "வூட்ல கேட்டா, காசு குடுத்து வாங்கிப் படின்றா."