முகம் பொருந்தவில்லை

"டிக்" என்றது இயந்திரம். மறுநொடியே சிவப்பு விளக்கை எரியவிட்டு, வாசல் முழுதும் கேட்கும்படி முழங்கியது: "முகம் பொருந்தவில்லை!"

குடிநீர் அலுவலகத்தின் நுழைவாயிலில் அன்றுதான் அந்த இயந்திரத்தைப் பொருத்தியிருந்தார்கள். ஊழியர்கள் ஆளுக்கொரு புகைப்படம் கொடுத்திருந்தார்கள். முன்னால் வந்து நின்றால் போதும். முகத்தைப் பார்த்து வருகையைக் குறித்துக்கொள்ளும். எழுத்தர், காசாளர், காவலர், குழாய் பொருத்துபவர் என அத்தனை பேரையும் முனகாமல் ஏற்றுக்கொண்ட அந்தப் பெட்டி, புகார் மேசையில் பாதி வாழ்நாளைக் கழித்த ஒரு பெண்ணைப் பார்த்து மட்டும் நீ யார் என்று கேட்டது.

ஊருக்கு அவள் புகார் அக்கா. தண்ணீர் வராத வீட்டுக்காரர்கள் வாளியும் வசவுமாக வந்து நிற்கும்போது, "முதல்ல இதைச் சொல்லுங்க. தண்ணி வரலையா, வந்து ஒழுகிப் போகுதா? கோளாறு உங்க இணைப்புலயா, பக்கத்து வீட்டு இணைப்புலயா?" என்று கேட்டுத் தெளியாமல் பேனா மூடியைத் திறக்கமாட்டாள். பாதிப் புகார் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

அவளுக்குப் பின்னால் வந்த மேலாளர், அவள் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளருக்கு வருகைப் பதிவு கிடையாது. அவருக்குத் தனிக் கதவு, தனிச் சாவி. ஆயினும் முன்மாதிரியாக இருக்கட்டும் என்று தம் படத்தையும் கொடுத்திருந்தார். 'இளமை ததும்பும் அலுவலகம்' என்ற வாசகத்தைச் சுவரில் எழுதிவைத்தவர் அவரே. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவரும் அவரே.

"போட்டோ பழசா, மேடம்?"

"போன மாசம் எடுத்தது, சார்."

"அப்போ போட்டோவுல குறை இல்லை." கைக்குட்டையால் வழுக்கைத் தலையைத் துடைத்தபடி அவர் அவள் முகத்தை ஆராய்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. முகம் வறண்டு, தோல் உரிஞ்சு, கோடு கோடா கிடக்கு. மெஷின் பாவம், அது என்ன பண்ணும்? வயசாச்சுன்னா கொஞ்சம் பராமரிக்கணும் இல்ல?"

வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். அங்கே எதுவும் இல்லை.

"அடுத்த மாசம் தலைமை அலுவலகத்துலேர்ந்து பார்வையிட வர்றாங்க. அதுவரைக்கும் உங்க வருகையை நானே கையால எழுதிக்கிறேன். அதுக்குள்ள மெஷின் உங்களை ஏத்துக்கலைன்னா, புகார் மேசைக்கு வேற ஆளு. நீங்க கீழ்த்தளத்துல பழைய மீட்டர் கிடங்கைப் பார்த்துக்குங்க. அங்க யாருக்கும் முகம் காட்ட வேண்டாம்."

இதே வாயிற்படியில், குழாய் வெடித்துத் தெருவே கொதித்துக் கூடிய நாளில், கூட்டத்துக்கு முகம் காட்ட எந்த மேலாளர் வந்தார்? வந்தவள் இவள். அன்று பொருந்திய முகம் இன்று ஏன் பொருந்தவில்லை? உழைப்பை அளக்க வேண்டிய அலுவலகம் உதிரும் தோலை அளக்கப் புறப்பட்டால், அதற்குப் பெயர் நிருவாகமா, நையாண்டியா?

கேட்டிருக்கலாம். அக்கா கேட்கவில்லை. ஏனென்றால், முகம் வறண்டிருந்தது உண்மை. நாற்பத்தெட்டைத் தாண்டிய பிறகு, முகம் கழுவித் துடைத்த உடனே கன்னங்கள் இழுத்துப் பிடித்தன. மூக்கின் இருபுறமும் வெள்ளையாகச் செதில் எழுந்தது. புகார் மேசைக்கு நேர் மேலே ஏசி நாள் முழுதும் ஊதிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் வரவில்லை என்று எழுதுபவளின் முகத்துக்கே தண்ணீர் வரவில்லை.

மாலையில் அழகுப்பொருள் கடைக்குள் நுழைந்தாள். விற்பனைப் பெண் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு வயசைக் குறைக்கிற க்ரீம்தானே?"

"வயசு இருக்கட்டும்மா. வறட்சியைக் குறைக்க ஏதாவது இருக்கா?"

"அப்போ நுரை வர்ற ஃபேஸ்வாஷ், கூடவே இந்த ஸ்கிரப். மணல் மாதிரி இருக்கும். நல்லா தேய்ங்க. செத்த செல் எல்லாம் போயிடும்."

"உயிரோட இருக்கிறது?"

விற்பனைப் பெண்ணின் பயிற்சியில் அந்தக் கேள்வி வந்ததில்லை. "அது தானா வந்துரும், ஆன்ட்டி" என்றாள்.

அக்கா காலையிலும் மாலையிலும் தேய்த்தாள். பாத்திரம் பளபளக்கத் தேய்ப்பவளின் கை அது. முகம் மட்டும் தப்புமா? தோல் பறை போல இறுகியது. சிரித்தால் விரிசல் விடும் போலிருந்ததால், புகார் கொடுக்க வந்தவர்களிடம் சிரிக்காமல் பேசினாள். அவர்கள் மிரண்டுபோய் வரிசையில் ஒழுங்காக நின்றார்கள். அலுவலக வரலாற்றிலேயே அமைதியான வாரம் அது.

காலைதோறும் மேலாளர் வாசலில் காத்திருந்தார். அவள் இயந்திரத்தின் முன் நின்றதும், முடிவை அறியும் ஆவலோடு பின்னால் வந்து எட்டிப் பார்ப்பார்.

"டிக். முகம் பொருந்தவில்லை!"

"இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க, மேடம்" என்று தேர்வுத்தாள் திருத்துபவர் போல் சொல்லிவிட்டுப் போவார்.

வீட்டில் மகள் கைப்பேசியும் கையுமாக வந்து தீர்ப்பு வழங்கினாள். "அம்மா, ஸ்கிரப் எல்லாம் போன தலைமுறை. இப்போ ஆசிட்தான்."

"ஆசிட்டா? அடியே, நாங்க சாக்கடை அடைப்பு எடுக்கிறதே அதுலதான்!"

"இது பழத்துலேர்ந்து எடுக்கிற ஆசிட்மா. மெதுவா மேல் தோலை எடுத்துடும். உள்ள புதுசா இருக்கும்."

"உள்ளயும் நான்தானேடி இருப்பேன்?"

ஆயினும் தடவினாள். கிடங்கின் இருட்டு கண்முன் நின்றபோது, எவர் நீட்டிய புட்டியும் பற்றுக்கோடாகத் தெரிந்தது. விடிந்ததும் முகம் சிவந்து எரிந்தது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவர், காபிக் கோப்பையோடு ஓரடி பின்வாங்கினார்.

"நான் என்ன பண்ணேன்? காலங்காத்தால இவ்வளவு கோபமா இருக்கே?"

"கோபம் இல்லீங்க, ஆசிட்."

"டிக். முகம் பொருந்தவில்லை!" என்றது இயந்திரம்.

"நேத்தாவது முகம் மாதிரி இருந்துச்சு" என்றார் மேலாளர்.

இப்போது கணவரின் முறை. அவர் பனியனில் கை துடைத்துக்கொண்டு, தொழில்நுட்பக் கருத்தை முன்வைத்தார். "இவ்வளவு நாள் யோசிக்க என்ன இருக்கு? உராயுதுன்னா கிரீஸ் வைக்கணும். நாங்க பஸ்ஸுக்கு ஆசிட்டா ஊத்துறோம்?"

அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியதுதான் ஆபத்து. கடையிலேயே கனமான இரவுக் க்ரீம் ஒன்றை அக்கா வாங்கி வந்து, காய்ந்த முகத்தின் மேல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல் அடித்தாள். தலையணை முகத்தோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வந்தது. துடைத்தும் போகாத பளபளப்போடு அலுவலகம் சென்றாள். காவலர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வணக்கம் சொன்னார்.

அன்று மேலாளர் விடுப்பு.

"டிக்" என்றது இயந்திரம். பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான். முழக்கம் இல்லை, கூச்சல் இல்லை.

அக்கா அங்கேயே இரண்டு கைகளையும் உயர்த்தினாள். காசாளர் கைதட்டினார். மாலையில் அந்தக் க்ரீமை இன்னும் மூன்று டப்பா வாங்கிக்கொண்டு போனாள். கணவர் வீட்டுக்குள் வெற்றி ஊர்வலமே நடத்தினார். "நான் அப்பவே சொன்னேன்ல? உலகத்துல எல்லாமே எஞ்சின்தான்!"

மறுநாள் முந்தைய நாளைவிடக் கனமாகப் பூசிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு வந்தாள். விடுப்பு முடிந்த மேலாளர் வழக்கம்போல் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"டிக். முகம் பொருந்தவில்லை!"

"நேத்து ஏத்துக்கிச்சு, சார்!"

"நேத்து நான் இல்லையே மேடம். நான் இல்லாதப்போ இங்க எதுதான் ஒழுங்கா நடக்குது?"

அளவு போதவில்லை போலும் என்று மேலும் பூசினாள். வார முடிவில் தாடையில் வரிசையாகப் பருக்கள் முளைத்தன. இளமை திரும்பியே விட்டது. ஆனால் வாசல் வழியாக வரவில்லை, சாக்கடை வழியாக வந்திருந்தது.

அன்றுதான் அக்காவுக்கு வேறொரு கோபம் வந்தது. யாருக்காக இந்த முகத்தைத் தேய்த்தோம், எரித்தோம், மெழுகினோம்? எரிவது என் தோல். இதற்கு மருந்து கேட்க வேண்டியது என் உரிமை. இப்படி எண்ணி, தோல் மருத்துவரின் அறைக்குள் நுழைந்து, தலைக்கு மேல் ஊதும் ஏசி முதல் வாசல் இயந்திரம் வரை எல்லாவற்றையும் சொல்லி, வாங்கியவை அத்தனையையும் அவர் மேசை மேல் கொட்டினாள்.

மருத்துவர் அவள் வயதுப் பெண். நெற்றிக் கோடுகளையும் காதோர நரையையும் மறைக்காமல், அவர் அவராகவே இருந்தார். மேசையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"இதையெல்லாம் தாங்கிச்சு பாருங்க, அந்தத் தோலுக்கு முதல்ல நன்றி சொல்லணும்" என்றார். "எண்ணெய்ப் பசை கம்மியா சுரந்தா அது வறண்ட தோல். ஈரம் உள்ள நிக்காம வெளியே போனா அது நீர் வத்தின தோல். உங்களுக்கு ரெண்டும் இருக்கு. நம்ம வயசுல இது சகஜம்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதாவது டாக்டர், வரத்தும் கம்மி, கசிவும் இருக்கு."

"அதேதான்!"

"நான் கசிவை அடைக்காம குழாயைச் சுரண்டியிருக்கேன். அப்புறம் ஆசிட் ஊத்தியிருக்கேன். அப்புறம் தண்ணியே இல்லாத குழாய் மேல கிரீஸ் தடவியிருக்கேன்."

"உங்க ஆபீஸ்ல எனக்கு ஒரு வேலை கிடைக்குமா?" என்று சிரித்த மருத்துவர், மேசையை ஒரு கையால் ஒதுக்கினார். "இதெல்லாம் நிறுத்துங்க. நுரை வராத, வாசனை இல்லாத, மென்மையான ஃபேஸ்வாஷ் ஒண்ணு போதும். சுடுதண்ணி வேண்டாம். முகத்துல ஈரம் இருக்கும்போதே ஈரப்பதக் க்ரீம் போடுங்க, அந்த ஈரத்தை அது பூட்டி வைக்கும். பகல்ல வெயிலுக்கான க்ரீம். அந்த ஏசி காத்தை வேற பக்கம் திருப்புங்க."

"சுருக்கம் போயிடுமா?"

"எரிச்சல் போயிடும். இறுக்கம் போயிடும். சுருக்கம் உங்களோடது, இருந்துட்டுப் போகட்டுமே."

"மெஷின்?"

"மெஷினுக்கு நான் வைத்தியம் பார்க்கிறதில்லை."

முகம் தேறியது. செதில் உதிர்வது நின்றது. கன்னம் இழுக்காமல் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் பழையபடி தைரியமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். இயந்திரம் மட்டும் மாறவில்லை. மேலாளர் பின்னால் நிற்க, காலைதோறும் அது கத்தியது.

தலைமை அலுவலக அதிகாரி வந்த நாள் புலர்ந்தது. அந்த அம்மையாரோடு, இயந்திரத்தைச் சோதிக்க ஒரு தொழில்நுட்பக்காரரும் வந்து, பெட்டியில் கம்பியைச் செருகித் தம் கணினியைத் திறந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்தார். ஊழியர்கள் திரண்டிருந்தார்கள். புகார் வரிசையும் வாளிகளோடு வேடிக்கை பார்த்தது. அக்கா முன்னே வந்து நின்றாள். மேலாளர் அவள் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டினார்.

"டிக். முகம் பொருந்தவில்லை!"

"பார்த்தீங்களா மேடம்?" மேலாளர் அதிகாரியிடம் கையை விரித்தார். "ஒரு மாசம் டயம் கொடுத்தேன். நாளையிலேர்ந்து இவங்க கிடங்குக்கு..."

"போகமாட்டேன்" என்றாள் அக்கா.

மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை வருஷமா ஊரோட புகாரை நான் எழுதினேன். இன்னிக்கு என் புகாரை நீங்க கேளுங்க! குழாய் வெடிச்ச அன்னிக்கு நடு வெயில்ல நின்னு ஜனங்களுக்குப் பதில் சொன்னேனே, அன்னிக்கு விழுந்த கோடு இது. பழுது பாக்குற வரைக்கும் தூங்காம கிடந்தேனே, கண்ணுக்குக் கீழ விழுந்த கருப்பு இது. என் தோல் வறண்டிருந்துச்சு. வைத்தியம் பார்த்தேன். எனக்காகப் பார்த்தேன்! இனிமே இந்தப் பெட்டிக்காக ஒரு சொட்டு க்ரீம் போடமாட்டேன். என் வயசு உங்க சுவத்து வாசகத்துக்கு இடைஞ்சலா இருந்தா, சுவத்தை வெள்ளையடிங்க. முகம் பொருந்தலையா? மெஷினை மாத்துங்க. என் மேசையை விட்டு நான் எழுந்திருக்கமாட்டேன்!"

புகார் வரிசையில் ஒருவர் வாளியைத் தட்டினார். அடுத்த நொடி அத்தனை வாளிகளும் முழங்கின. காசாளர் விசிலடித்தார். மேலாளர் வழுக்கையைத் துடைக்கக் கைக்குட்டை தேடினார்.

ஆரவாரம் அடங்கும்வரை காத்திருந்த தொழில்நுட்பக்காரர், திரையிலிருந்து தலையைத் தூக்கித் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அக்கா, உங்களை இது முதல் நாள்லேர்ந்தே 'டிக்'னு சேர்த்துக்கிட்டுதான் இருக்கு. பொருந்தலைன்னு கத்தினதெல்லாம் உங்க பின்னாடி எட்டிப் பார்க்கிறாரே, அந்த சாரைத்தான். அவரு கொடுத்த போட்டோவுல தலை நிறைய முடி இருக்கு!"